பேணுதலா? வஸ்வாஸா?

நம் குடும்பங்களில் ‘பேணுதல்’ என்னும் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. பெண் பார்க்கச் சென்றாலும், மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தாலும், ‘பேணுதலான குடும்பம்’ என்று ஒரு வார்த்தை காதில் விழுந்துவிட்டால் பெரியவர்கள் மற்றவற்றை அவ்வளவாகத் துருவிக் கேட்பதில்லை. ஹலாலைத் தேடி உண்பது, ஹராமின் வாடை வீசுவதை விட்டு விலகுவது, உடலையும் உடையையும் சுத்தமாக வைத்திருப்பது ஆகியவை பேணுதலின் அடையாளங்கள். அதனைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. பேணுதலின் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்து, தொழுகையாளிகளையே தொழுகையிலிருந்து விரட்டிவிடும் ஒரு நோய் இருக்கிறது. அதனைப் பற்றியே இங்கு எழுதப் போகிறோம். நம் கிதாபுகள் அதற்கு ‘வஸ்வாஸ்’ என்று பெயரிட்டிருக்கின்றன. இன்றைய மருத்துவர்கள் மூன்றெழுத்தில் ‘ஓ.சி.டி.’ என்கிறார்கள். மனம் விரும்பாத எண்ணம் ஒன்று திரும்பத் திரும்ப வந்து அலைக்கழிப்பதும், அதனைத் தணிப்பதற்காக ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும்தான் அந்நோய்.

இது எப்படி ஆரம்பிக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு சகோதரி ஒளுச் செய்கிறார். முழங்கை நனைந்ததா என்று சந்தேகம். மீண்டும் கழுவுகிறார். நிம்மதி வருகிறது, ஆனால் அந்த நிம்மதி ஒரு நிமிடம்தான். காலைக் கழுவும்போது, கையைக் கழுவியது உண்மைதானா என்று மறுபடியும் சந்தேகம். முதலிலிருந்து தொடங்குகிறார். சில மாதங்களில் ஐந்து நிமிட ஒளு அரைமணி நேரமாகிறது. கடமையான குளிப்புக்குச் சென்றால் இரண்டு மணி நேரம் வெளியே வருவதில்லை. கைவிரல் இடுக்குகள் வெடித்துப் புண்ணாகின்றன. லுஹருக்குத் தயாராகும்போது அஸருக்குப் பாங்கு சொல்லிவிடுகிறார்கள். அக்கம்பக்கத்தார், ‘என்ன பேணுதல்! மாஷா அல்லாஹ்!’ என்கிறார்கள். அவர் உள்ளே வெந்துகொண்டிருப்பதை யாரும் அறிவதில்லை. பிறகு ஒருநாள் அவர் தொழுவதையே நிறுத்திவிடுகிறார். ‘என்ன இது, இவ்வளவு பேணுதலாக இருந்த பிள்ளை!’ என்று அதே அக்கம்பக்கம் வியக்கிறது.

ஆண்களிடம் இந்நோய் பெரும்பாலும் தக்பீரில் வெளிப்படுகிறது. இமாம் ருகூஉவுக்குப் போய்விட்டார். இவரோ இன்னும் கைகளை உயர்த்துவதும் இறக்குவதுமாக, ‘அல்லாஹு... அல்லாஹு...’ என்று தத்தளித்துக்கொண்டு நிற்கிறார். நிய்யத் சரியாக வந்ததா என்பது அவருடைய சந்தேகம். இளைஞர்கள் சிலர் சிரிக்கிறார்கள். அது சிரிப்பதற்குரிய காட்சியே அன்று. வேறு சிலருக்கோ நஜீஸ் பயம்: தெருவில் நாய் உரசியதா, குழந்தையின் மூத்திரம் பாயிலிருந்து துணிக்கும், துணியிலிருந்து கதவுப் பிடிக்கும், கதவுப் பிடியிலிருந்து வீடு முழுவதற்கும் பரவிவிட்டதா என்று. இப்படி எண்ணி எண்ணி, தம் வீட்டிலேயே உட்கார இடமில்லாதவராகி விடுகிறார்கள்.

வாழ்நாளில் நூற்றில் ஒருவர் முதல் மூவர் வரை இந்நோய்க்கு ஆளாகிறார்கள் என்று மருத்துவ உலகம் கணக்கிடுகிறது. பதின்பருவத்திலோ இருபதுகளின் தொடக்கத்திலோ தலைகாட்டுவது அதிகம். முன்னூறு வீடுகள் உள்ள ஒரு மஹல்லாவை எடுத்துக்கொண்டால் பத்துப் பேராவது இருப்பார்கள் என்று பொருள். வெளியில் சொல்ல வெட்கப்படுவதால் நமக்குத் தெரிவதில்லை.

‘அப்படியானால் மார்க்கப் பற்றுத்தான் இந்நோயைக் கொண்டுவருகிறதா?’ என்று படித்த பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள். இல்லை. எகிப்தின் மனநல மருத்துவர் அஹ்மத் உகாஷா 1990களில் தம் நாட்டு நோயாளிகளை ஆராய்ந்தபோது, மார்க்கம் தொடர்பான எண்ணங்களும் அசுத்தம் பற்றிய அச்சமுமே அவர்களிடம் மிகுந்திருக்கக் கண்டார். ஆனால் மார்க்கத்தோடு தொடர்பே இல்லாதவர்களுக்கும் இதே நோய் வருகிறது. அவர்கள் பூட்டிய கதவை இருபது முறை இழுத்துப் பார்க்கிறார்கள். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருகிறார்கள். கிறிஸ்தவர்களிடம் பாவமன்னிப்பு உருவிலும், இந்துக்களிடம் தீட்டு உருவிலும் வருகிறது. யாருக்கு எது மிகப் பெரிய மதிப்புடையதோ, அதைத்தான் இந்நோய் பிடித்துக்கொள்கிறது. தொழுகையை உயிராக மதிப்பவரைத் தொழுகையிலேயே தாக்குகிறது. ஆகவே ‘ஈமான் குறைவு’ என்று இவர்களைப் பழிப்பது அநீதி.

நாயகம் (ஸல்) அவர்கள் செலவிட்ட தண்ணீர்

இனி, நம் மார்க்கம் உண்மையில் நம்மிடம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். ஏனெனில் வஸ்வாஸ் உள்ளவர் தம் எஜமானன் தம்மிடம் கேட்காத ஒன்றைக் கொடுக்க முயன்று களைத்துப் போகிறார்.

நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’ அளவுத் தண்ணீரில் ஒளுச் செய்தார்கள். ஒரு ‘ஸாஉ’ முதல் ஐந்து முத் வரையிலான தண்ணீரில் குளித்தார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நான்கு முத் சேர்ந்தது ஒரு ஸாஉ. ஒரு முத் என்பது இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு. ஷாபிஈ மத்ஹபின் கணக்கில் முக்கால் லிட்டருக்கு மேற்படாது. ஹனஃபி கணக்கில் ஏறக்குறைய ஒரு லிட்டர் வரும். நம் வீட்டுக் குழாயைத் திறந்துவிட்டால் ஒரே நிமிடத்தில் இதைப்போலப் பல மடங்கு ஓடிவிடுகிறது. ஒரு ஸாஉ தண்ணீர் குளிப்புக்குப் போதாது என்று ஒருவர் ஜாபிர் (ரலி) அவர்களிடம் முறையிட்டார். உம்மைவிட அதிக முடியுள்ளவரும் உம்மைவிடச் சிறந்தவருமான ஒருவருக்கு அது போதுமாக இருந்ததே என்று ஜாபிர் (ரலி) அவர்கள் பதிலளித்து வாயடைத்தார்கள். இதுவும் புகாரியில் உள்ளதுதான்.

நஜீஸைப் பற்றியும் அந்தக் காலத்து நடைமுறையைப் பாருங்கள். பள்ளிவாசலுக்குள்ளேயே ஒரு கிராமத்து அரபி சிறுநீர் கழித்துவிட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு வாளித் தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றச் சொன்னார்கள், விஷயம் முடிந்தது. தம் பேத்தி உமாமாவைச் சுமந்துகொண்டே தொழுதார்கள். குழந்தையின் துணியைச் சோதித்துவிட்டுத்தான் தூக்கினார்கள் என்று எந்த அறிவிப்பிலும் காணோம். இன்னொரு நிகழ்ச்சி இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் வருகிறது. உமர் (ரலி) அவர்களும் அம்ரு பின் ஆஸ் (ரலி) அவர்களும் பயணக் கூட்டம் ஒன்றில் சென்றபோது ஒரு நீர்த்தேக்கத்தை அடைந்தார்கள். வனவிலங்குகள் இங்கு வந்து நீர் அருந்துவதுண்டா என்று அம்ரு (ரலி) அவர்கள் அதன் சொந்தக்காரரிடம் விசாரித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் குறுக்கிட்டு, அதை எங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று அவரைத் தடுத்துவிட்டார்கள். உமர் (ரலி) அவர்களைவிடப் பேணுதல் மிக்கவர் யார்? நாம் துருவித் துருவிக் கேட்பதையே பேணுதல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கேட்காமல் இருப்பதைப் பேணுதலாக அவர்கள் நடைமுறைப்படுத்திக் காட்டினார்கள்.

சந்தேகம் வந்தால்

‘உறுதியானது சந்தேகத்தால் நீங்காது’ என்பது ஃபிக்ஹுக் கலையின் அடிப்படை விதிகளில் ஒன்று. மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகள் இதனைச் சிறு வயதிலேயே மனனம் செய்துவிடுகிறார்கள். ஒளுச் செய்தது உறுதி. முறிந்ததா என்பது சந்தேகம். ஆகவே ஒளு இருக்கிறது. தொழும்போது ஏதோ வெளியானது போல் தோன்றுகிறது என்று ஒருவர் முறையிட்டபோது, சப்தத்தைக் கேட்டாலோ வாடையை உணர்ந்தாலோ அன்றித் தொழுகையை விட்டுத் திரும்ப வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். ‘எதற்கும் ஒருமுறை புதுப்பித்துக்கொள்’ என்று சொல்லியிருக்கலாமே! சொல்லவில்லை. வஸ்வாஸ் உள்ளவர்கள் இந்த இடத்தில் நின்று சிந்திக்க வேண்டும்.

ரக்அத்தின் எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் ஷாபிஈ மத்ஹபினர் குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு தொழுகையைப் பூர்த்தி செய்து, ஸஹ்வுடைய இரண்டு ஸஜ்தாக்கள் செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபில் ஒரு நுட்பம் உண்டு. என்றோ ஒருநாள் முதன்முதலாகச் சந்தேகம் வந்தவர் திரும்பத் தொழ வேண்டும். அடிக்கடி சந்தேகம் வருகிறவரோ திரும்பத் தொழ வேண்டியதில்லை. மனம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதன்படி நடக்க வேண்டும். எந்தப் பக்கமும் சாயாவிட்டால்தான் குறைந்த எண்ணிக்கை. சந்தேகம் பழகிப் போனவருக்குச் சட்டமே வேறு என்று எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் இமாம்கள் பிரித்து வைத்துவிட்டார்கள். ஸலாம் கொடுத்தபின், எத்தனை ரக்அத் தொழுதோம் என்று முளைக்கும் சந்தேகத்துக்கு இரண்டு மத்ஹபிலும் மதிப்பில்லை. ஒளு முடிந்தபின், இந்த உறுப்பைக் கழுவினோமா என்று எழும் சந்தேகமும் அப்படியே.

நிய்யத்தைப் பற்றிக் கடற்கரைப் பட்டினங்களிலிருந்து நமக்குக் கேள்விகள் அதிகம் வருகின்றன. அங்கெல்லாம் ஷாபிஈ மத்ஹப். நிய்யத் தக்பீரோடு இணைந்து வரவேண்டும் என்று கிதாபில் ஓதியிருப்பார்கள். ‘அல்லாஹு அக்பர்’ என்பதன் ஒவ்வோர் எழுத்தோடும் நிய்யத்தின் ஒவ்வோர் அம்சத்தையும் தைக்க முயல்கிறார்கள். ஊசியில் நூல் கோப்பது போன்ற இந்த வேலை மனித மனத்தால் ஆகாது. இதை அறிந்துதான் இமாமுல் ஹரமைன் அவர்களும் (வஃபாத் ஹிஜ்ரி 478, கி.பி. 1085) அவர்களின் மாணவர் இமாம் கஸ்ஸாலி அவர்களும், வழக்கத்தில் ‘இவர் தொழுகையை நினைத்தே தக்பீர் சொல்கிறார்’ என்று கருதும்படி இருந்தால் போதும் என்றார்கள். இமாம் நவவி அவர்களும் இதையே தேர்ந்தெடுத்தார்கள். வீட்டிலிருந்து அஸருக்கென்று கிளம்பி, ஒளுச் செய்து, ஸஃப்பில் வந்து நிற்பவரிடம் ‘எங்கே வந்தீர்?’ என்று கேட்டால், ‘அஸர் தொழ’ என்பார் அல்லவா? அந்தப் பதில்தான் நிய்யத்.

புதிதாக மணமானவர்களைத் தலாக் பற்றிய வஸ்வாஸ் பிடிப்பதும் உண்டு. மனைவியிடம் ‘நீ போய்ட்டு வா’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, ‘தலாக் ஆகிவிட்டதோ?’ என்று இரவெல்லாம் விழித்திருப்பார்கள். உள்ளத்தில் ஓடுவதை, சொல்லாகவோ செயலாகவோ ஆகாதவரை, அல்லாஹ் இந்த உம்மத்துக்கு மன்னித்துவிட்டான் என்று ஸஹீஹான ஹதீஸ் இருக்கிறது. வஸ்வாஸ் பிடித்தவரின் தலாக் செல்லாது என்னும் உக்பா பின் ஆமிர் (ரலி) அவர்களின் கூற்றையும் இமாம் புகாரி அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

சொல்ல நா கூசும் எண்ணங்கள்

கைகழுவுவதாவது வெளியில் தெரியும். வெளியில் தெரியாமல் உள்ளேயே அரித்துத் தின்னும் ஒரு வகை உண்டு. அல்லாஹ்வைப் பற்றியும் ரஸூலைப் பற்றியும் சொல்ல நா கூசும் எண்ணங்கள், அதுவும் தொழுகையிலும் குர்ஆன் ஓதும்போதும், திடீரென்று மூளையில் வெட்டிச் செல்லும். பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இதனால் படும் பாட்டைக் கேட்டால் நெஞ்சு உருகும். நாம் காஃபிராகிவிட்டோம் என்று நினைத்து, ஒருநாளைக்கு நூறு முறை கலிமாவைப் புதுப்பிக்கிறார்கள். குர்ஆனைத் தொடவே பயப்படுகிறார்கள்.

இந்தப் பிள்ளைகள் தனியே இல்லை. ஸஹாபாக்களே நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, வாயால் சொல்லவே பெரும் குற்றமாகத் தோன்றும் எண்ணங்கள் எங்கள் உள்ளத்தில் வருகின்றன என்று முறையிட்டார்கள். உண்மையாகவே அவ்வாறு உணர்கிறீர்களா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டபின், அதுதான் தெளிவான ஈமான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் உள்ள ஹதீஸ் இது. எண்ணம் ஈமான் அன்று; அந்த எண்ணத்தைக் கண்டு உள்ளம் பதறியதே, அந்தப் பதற்றம்தான் ஈமான். வேறோர் அறிவிப்பில் ஒருவர், அதைப் பேசுவதைவிட நான் கரியாகிப் போவது மேல் என்கிறார். ஷைத்தானின் சூழ்ச்சியை வெறும் வஸ்வாஸோடு நிறுத்திவிட்ட அல்லாஹ்வை நாயகம் (ஸல்) அவர்கள் புகழ்ந்தார்கள். அவரைத் தண்டிக்கவுமில்லை, கலிமாவைப் புதுப்பிக்கச் சொல்லவுமில்லை.

பிள்ளை பெற்ற தாய்மார்களில் சிலருக்கு, ‘இந்தக் குழந்தையை நாமே ஏதேனும் செய்துவிடுவோமோ’ என்ற எண்ணம் வந்து நடுங்க வைக்கும். கத்தியைக் கண்டால் ஒளித்து வைப்பார்கள். இதுவும் பெரும்பாலும் இதே நோய்தான். எண்ணத்தைக் கண்டு நடுங்குகிற தாயைக் கொலைகாரியைப் போல் பார்க்காதீர்கள். ஆனால் அந்தத் தாய் பல இரவுகள் உறக்கமின்றி, காதில் குரல் கேட்கிறது என்றோ, குழந்தையிடம் ஏதோ தீய சக்தி புகுந்துவிட்டது என்று நம்பியோ பேசினால், அது வேறு நோய், அவசரமானது. குழந்தையையும் தாயையும் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இமாம்களின் மருந்தும் மருத்துவர்களின் மருந்தும்

வஸ்வாஸைப் பற்றி நம் முன்னோர் எழுதியது கொஞ்சநஞ்சமன்று. ஹிஜ்ரி 322ல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ உடலுக்கும் உள்ளத்துக்கும் நலம் தருபவற்றைப் பற்றி ஒரே நூலில் இரு பகுதிகளாக எழுதினார். கோபம், அச்சம், துயரம் ஆகியவற்றுக்குத் தனித்தனி அத்தியாயம் வைத்து, கடைசி அத்தியாயத்தை உள்ளத்தின் வஸ்வாஸுக்கு ஒதுக்கினார். உடல்நோய்க்கு வீட்டில் மருந்து சேமித்து வைப்பதுபோல, மனம் நன்றாக இருக்கும் நாளிலேயே நல்ல சிந்தனைகளைச் சேமித்து வைக்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. இத்தகையோர் தனிமையிலும் வேலையின்றியும் இருக்கலாகாது என்பதையும் அவர் வலியுறுத்துகிறார். அந்நூலின் கையெழுத்துப் பிரதி 1984ல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் அப்படியே படியெடுத்து வெளியிடப்பட்டது.

மக்காவில் வாழ்ந்த ஷாபிஈ மேதை இப்னு ஹஜர் ஹைத்தமீ அவர்களிடம் (ஹிஜ்ரி 10ஆம் நூற்றாண்டு) வஸ்வாஸுக்கு மருந்து உண்டா என்று கேட்கப்பட்டது. உண்டு, அதை முற்றிலும் புறக்கணிப்பதே அந்த மருந்து என்று அவர்கள் ஃபத்வா கொடுத்தார்கள். மனம் எவ்வளவு தடுமாறினாலும் அதன் பக்கம் திரும்பாதவருக்குச் சிறிது காலத்தில் அது நீங்கிவிடும். அதற்குச் செவிசாய்த்து அது சொன்னபடி நடப்பவருக்கோ வளர்ந்துகொண்டே போய்ப் பைத்தியக்காரர்களின் நிலைக்குக் கொண்டுவிடும் என்று விளக்கினார்கள்.

இனி இதைக் கேளுங்கள். 1966ல் லண்டனில் விக்டர் மேயர் என்னும் உளநூல் வல்லுநர் இரு நோயாளிகளுக்குப் புதுவிதமான சிகிச்சை அளித்தார். அவர்கள் அஞ்சும் நிலைமையிலேயே அவர்களை நிற்க வைத்து, திரும்பத் திரும்பச் செய்யும் சடங்கை மட்டும் செய்யவிடாமல் பார்த்துக்கொண்டார். நோய் தணிந்தது. அதிலிருந்து வளர்ந்த முறைதான் இன்று உலகெங்கும் இந்நோய்க்கு முதன்மையாகக் கைக்கொள்ளப்படும் பேச்சுச் சிகிச்சை. சந்தேகம் வரட்டும், கழுவாதே. அச்சம் ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தானாகவே இறங்கும். இரண்டாம் முறை சிறிது குறைவாக ஏறும். சிரங்கு வந்தவன் சொறியச் சொறியச் சுகமாக இருக்கும், புண் ஆறாது. சொறியாமல் பொறுத்தவனுக்கே ஆறும். மக்காவின் ஃபத்வாவுக்கும் லண்டனின் சிகிச்சைக்கும் இடையில் நான்கு நூற்றாண்டுகள். சாரம் ஒன்றே என்பதைப் பார்க்கிறோம்.

இரண்டுக்கும் வேறுபாடே இல்லை என்று சொல்லவில்லை. ‘புறக்கணி’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டால், நோய் முற்றியவரால் அது முடிவதில்லை. நீச்சல் தெரியாதவனைக் கடலில் தள்ளி ‘நீந்து’ என்பதைப் போல. இன்றைய சிகிச்சையாளர் படிப்படியாகக் கொண்டுசெல்கிறார்: இந்த வாரம் ஒவ்வோர் உறுப்பையும் மூன்று தடவையோடு நிறுத்துவது, அடுத்த வாரம் குழாயை விட்டு ஒரு குவளையில் ஒளுச் செய்வது, அதற்கடுத்து, சந்தேகத்தோடேயே தொழுகைக்கு நிற்பது. இதில் மார்க்கத்துக்கு முரண் எதுவுமில்லை. சந்தேகம் நஜீஸ் அன்று. எது மார்க்கத்தின் உண்மையான குறைந்தபட்ச அளவு என்பதை ஓர் ஆலிம் எழுதிக் கொடுத்து, எந்த வேகத்தில் அங்கு இறங்குவது என்பதை மருத்துவர் தீர்மானித்தால், இருவர் வேலையும் எளிதாகும்.

நமது பழைய நூல்களில் வஸ்வாஸ் உள்ளவர்களைக் கடிந்து பேசும் இடங்களும் உண்டு. எத்தனை முறை தண்ணீரில் முங்கியும் குளிப்பு நிறைவேறியதா என்று சந்தேகிக்கிறேன் என்று ஒருவர் இப்னு அகீல் அவர்களிடம் வந்து சொன்னார். பைத்தியத்துக்குத் தொழுகை கடமையில்லை, நீர் போகலாம் என்னும் கருத்தில் அவர்கள் விடையளித்ததாக இப்னுல் ஜவ்ஸீ அவர்கள் எழுதுகிறார்கள். அறிஞரின் மதிநுட்பத்தை ரசிக்கலாம். ஆனால் இன்று நம் வாசலில் கண்ணீரோடு வந்து நிற்கும் ஒரு பெண்ணிடம் அந்தத் தொனியில் பேசுவதை நாம் சரியென்று கருதவில்லை.

வீட்டாரும் ஆலிம்களும்

இந்நோய்க்குத் தீனி போடுகிறவர்கள் பெரும்பாலும் அன்புள்ளவர்களே. ‘நான் சரியாகக் கழுவினேனா? நீங்கள் பார்த்தீர்களா?’ என்று மனைவி கேட்கிறார். ‘பார்த்தேம்மா, சரியாகத்தான் கழுவினாய்’ என்கிறார் கணவர். பத்து நிமிடத்தில் மீண்டும் அதே கேள்வி. ஒவ்வொரு பதிலும் இன்னொரு முறை கைகழுவியதற்குச் சமம். குழாயடியில் காவல் நிற்பதும், அவர் சொன்னபடி வீட்டார் எல்லோரும் வாசலிலேயே துணி மாற்றுவதும் அப்படியே. இதற்காக ஒரேயடியாகக் கடுமை காட்டிவிடக் கூடாது. மனம் தெளிவாக இருக்கும் நேரத்தில் உட்கார்ந்து பேசி, ‘இனி இந்தக் கேள்விக்கு ஒரு முறைதான் பதில் சொல்வேன்; அதற்குமேல் நோய்தான் கேட்கிறது என்று எடுத்துக்கொள்வேன்’ என்று இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு அதில் நிற்க வேண்டும். கேட்பவர் அழுதாலும், அருகில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம். பதில் மட்டும் வேண்டாம்.

ஆலிம்களாகிய நமக்கும் இது பொருந்தும். ஓர் இளைஞர் ஒரே வாரத்தில் மூன்று முறை ஒரே மஸ்அலாவைச் சொல்லை மாற்றி மாற்றி நம்மிடம் கேட்டார். வேறு ஹஜ்ரத்மார்களிடமும் அதையே கேட்டிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. அவருக்குத் தேவைப்பட்டது நான்காவது ஃபத்வா அன்று. ‘தம்பி, உங்களுக்கு மஸ்அலா தெரியும். இந்தக் கேள்விக்கு இனி நான் விடை சொல்ல மாட்டேன். ஆனால் உங்களோடு டாக்டரிடம் வருகிறேன்’ என்றோம். முதலில் கோபித்துக்கொண்டார். பிறகு வந்தார். ஒரே நபர் ஒரே கேள்வியோடு திரும்பத் திரும்ப வந்தால், கேள்வியைவிட்டு ஆளைப் பார்க்க வேண்டும் என்பதை நம் மத்ரஸாப் பாடத்திட்டத்தில் சேர்த்தால் நன்மையாக இருக்கும்.

ஆயத்துல் குர்ஸியும் முஅவ்விததைனும் ஓதி ஊதுவது சுன்னத்தான வழி; மருத்துவத்தோடு அதுவும் நடக்கட்டும். தொழுகையில் ஷைத்தான் குழப்புகிறான் என்று உஸ்மான் பின் அபில் ஆஸ் (ரலி) அவர்கள் முறையிட்டபோது, அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி இடப்பக்கம் மூன்று முறை இலேசாக உமிழும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். ஆனால் எந்த அமலையும் நூறு, ஆயிரம் என்று எண்ணி, எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து தொடங்கும்படி வஸ்வாஸ்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். நோய்க்கு இன்னொரு சடங்கு கிடைத்துவிடும். பேய் பிடித்தது என்று எங்கேனும் கொண்டுபோய்க் கட்டிப்போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தனியார் நடத்திய ஒரு கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வகையிலும் தடை செய்திருக்கிறது.

மருந்தைப் பற்றி

அல்லாஹ் நிவாரணம் இறக்காமல் எந்த நோயையும் இறக்கவில்லை என்ற ஹதீஸை நீரிழிவுக்கும் இரத்தக்கொதிப்புக்கும் ஏற்றுக்கொள்கிறோம். மனநோய் என்றவுடன் தயங்குகிறோம். ‘மாத்திரை சாப்பிட்டால் பழக்கமாகிவிடும், பைத்தியப் பட்டம் வந்துவிடும், பிள்ளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது’ என்பவைதான் தயக்கத்தின் காரணங்கள். இந்நோய்க்கு முதலில் கொடுக்கும் மாத்திரைகள் போதைப்பொருளைப் போல அடிமைப்படுத்துபவை அல்ல. ஆனால் பலன் தெரியப் பத்துப் பன்னிரண்டு வாரங்கள்கூட ஆகலாம். இரண்டு வாரத்தில் ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று தூக்கி எறிபவர்கள் அதிகம். நன்றானதும் தாமாகவே திடீரென்று நிறுத்துவதும் தவறு. மருத்துவர் சொல்லிப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். ரமளானில் நோன்பு திறந்தபின் அல்லது ஸஹர் நேரத்தில் சாப்பிடும்படி வேளையை மாற்ற முடியுமா என்று நோன்புக்கு முன்பே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் முடியும்.

எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். வீட்டை விட்டு வெளியே வரத் தயங்கும் சகோதரிகளுக்கு இது வசதியானது.

கடைசியாக, சிகிச்சையில் தேறி வருகிறவர்கள் கேட்கும் ஒரு கேள்வி. நோயின் கடுமையில் பல மாதங்கள் தொழாமல் விட்டுவிட்டேன். அவற்றை என்ன செய்வது? இந்தக் கேள்வியை ஓர் ஆலிமிடம், ஒரே ஒரு முறை கேளுங்கள். முதலில் அன்றாட ஐந்து வேளையும் நிலைபெறட்டும். களாவானவற்றைத் தோராயமாகக் கணக்கிட்டு, இவரின் சக்திக்கு ஏற்ப நாளொன்றுக்கு இத்தனை என்று அந்த ஆலிமே ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும். அந்தத் தாள் வீட்டில் வேறொருவரிடம் இருக்கட்டும். தொழுதபின் அவர்தான் கோடிட வேண்டும். நோயாளி கணக்கெடுக்க உட்கார வேண்டாம்.